மழையூரில் புல்முற்றம்: வித்துராவை முன்வைத்து

புல்தரை வளர்ப்பு பற்றி எழுதுபவர்கள் தண்ணீர் பாய்ச்சுவதிலிருந்து தொடங்குவது வழக்கம். சென்னைக்கும் மதுரைக்கும் அது சரி. வித்துராவில் வேலை வேறு முனையிலிருந்து தொடங்குகிறது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குப் போகும் பாதையில், மலை ஏறுவதற்கு முன்னால் வரும் ஊர் இது. கிழக்கே அகத்தியமலைத் தொடர். ஒரு பக்கம் கல்லாறு, இன்னொரு பக்கம் பேப்பாறை அணை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கைவிடாத மலையடிவாரம். ஆண்டுக்கு 2,500 மி.மீ. மழை என்று கணக்கு வைத்தால், ஒரு சென்ட் நிலத்தில், அதாவது சுமார் 40 சதுர மீட்டரில், விழும் தண்ணீர் ஒரு லட்சம் லிட்டர். பத்து சென்ட் மனைக்குப் பத்து லட்சம்.

இப்படிப்பட்ட ஊரில் மண்ணை இரண்டு மாதம் சும்மா விட்டால் போதும், புல் கேட்காமலே வந்துவிடும். வளர்ப்பது இங்கே பெரிய காரியமில்லை. எவ்வளவு இடத்தில், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம், எந்தப் புல் என்ற மூன்றையும் முதலில் முடிவு செய்துகொண்டால் பராமரிப்பில் பாதி வேலை முடிந்தது. இந்த அத்தியாயம் அந்த வரிசையிலேயே போகிறது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்ட வீடுகளுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும். கூடலூர், வால்பாறை வாசகர்கள் குளிருக்கேற்பச் சில மாற்றங்களோடு எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு புல் வேண்டும்?

தென்கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பழைய வீடுகளின் முற்றத்தில் புல் இருக்காது. தினமும் விடியற்காலையில் பெருக்கி, மண் இறுகி, பாய் விரித்தால் மிளகு காயப்போடும் அளவுக்குச் சுத்தமாக இருக்கும். பாம்போ அட்டையோ வந்தால் தூரத்திலேயே தெரியும். அந்த ஏற்பாட்டில் அறிவு இருந்தது. வாசலை ஒட்டிய ஐந்தாறு அடி அகலத்தை இன்றும் வெறும் மண்ணாகவோ சல்லி பரப்பியோ விடுவதே நல்லது.

அதற்கு நேர் எதிரான வழக்கம் இப்போது பரவியிருக்கிறது: முற்றம் முழுவதையும் இன்டர்லாக் கல் போட்டு மூடிவிடுவது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் ரோட்டுக்கு ஓடும். மார்ச் மாதம் கிணறு கீழே போகும். கல்லின் மேல் பாசி பிடித்து ஆடி மாதம் வழுக்கும். கல் போட்டே ஆக வேண்டுமென்றால் வண்டி நிற்கும் இடத்துக்கு மட்டும் போடுங்கள். கற்களுக்கிடையே இரண்டு மூன்று அங்குல இடைவெளி விட்டு அதில் உயிருள்ள புல்லை நடுங்கள். அந்த இடைவெளியில் செயற்கைப் புல்லைத் திணிப்பது இன்றைய மோஸ்தர். மழைக்காலத்தில் அதன் அடியில் சேறும் பாசியும் தங்கும், வெயில் காலத்தில் கால் வைக்க முடியாமல் சுடும். அந்தச் செலவு வேண்டாம்.

புல்லின் பரப்பை முடிவு செய்யக் கோடைக்காலத் தண்ணீரை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். மழையில்லாத வாரத்தில் புல் நல்ல பச்சையாக இருக்க வேண்டுமென்றால் சுமார் 25 மி.மீ. தண்ணீர் தேவை. ஒரு சென்ட்டுக்கு அது 1,000 லிட்டர். கிணற்றில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எவ்வளவு மிஞ்சும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு குடும்பத்துக்கு ஒன்று அல்லது இரண்டு சென்ட் புல் தாராளம்.

தண்ணீருக்கு வழி

மழை வலுக்கும்போது குடையோடு முற்றத்தில் இறங்கி அரை மணி நேரம் நில்லுங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது, பக்கத்து மனையிலிருந்து எந்த மூலையில் நுழைகிறது என்று பாருங்கள். எந்த நிபுணரும் இதைவிட நன்றாகச் சொல்லிவிட முடியாது. பிறகு கீழே உள்ளவற்றைச் செய்யுங்கள்.

1. தரை, சுவரிலிருந்து விலகிச் சரிய வேண்டும். பத்து அடிக்கு இரண்டு அங்குலச் சரிவு போதும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் நிற்கும்.

2. 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு நாளில் 100 மி.மீ. மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் கீழே விழும். அது நேராகப் புல்லின் மேல் விழுந்தால் வேரோடு பெயர்த்துவிடும். கூரை விளிம்புக்கு நேர் கீழே ஒன்றரை அடி அகலத்தில் சல்லி பரப்புங்கள், அல்லது கூரையோரத்தில் வடிகால் தகடு (பாத்தி) வைத்துக் குழாயில் இறக்கிக் கிணற்றை ஒட்டிய மழைக்குழிக்குக் கொண்டுபோங்கள். குழியில் இறங்குமுன் மணலும் சரளையும் கொண்ட வடிகட்டி ஒன்று வேண்டும்.

3. வடிகால் சோதனை: ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, அது முழுவதும் இறங்கியபின் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றியது நான்கு மணி நேரத்தில் இறங்கினால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் புல் அழுகும். அங்கே வாழையோ சேம்போ வைத்துவிடுங்கள்.

4. மனை சரிவாக இருந்தால் கல்லடுக்கிக் கய்யாலை கட்டித் தட்டுத்தட்டாக்குவது இந்த ஊர் வழக்கம். மூன்றடி தூரத்துக்கு ஓர் அடிக்கு மேல் இறங்கும் சரிவில் வெட்டுகிற புல்லைப் போடாதீர்கள். மெஷினோடு கால் வழுக்கும். அங்கே வெட்டிவேர்ப் புல்லைச் சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில், நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளியில் வரிசையாக நடுங்கள். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் செங்குத்தாகப் பல அடி இறங்கும். இரண்டு மழைக்காலம் கடந்தால் மண்ணைப் பிடித்து வைக்கும் உயிர்வேலி ஆகிவிடும்.

மண்ணும் சுண்ணாம்பும்

வித்துராவைச் சுற்றி மேல்மண்ணைச் சுரண்டினால் பெரும்பாலும் வெட்டுக்கல்தான். வீடு கட்டும்போது நிலத்தைச் சமன்செய்கிறேன் என்று மேல்மண்ணைத் தள்ளிவிட்டு அடியில் உள்ள செம்மண்ணில் புல் நடுவது பரவலாக நடக்கிற தவறு. ஜேசிபி வருவதற்கு முன்பே மேலே உள்ள அரை அடிக் கறுப்பு மண்ணை ஒரு மூலையில் குவித்து வைக்கச் சொல்லுங்கள். கட்டுமானம் முடிந்ததும் அதையே திரும்பப் பரப்பலாம். விலை கொடுத்து வாங்கும் எந்த மண்ணும் அதற்கு ஈடாகாது.

தொடர்ந்து மழை கழுவும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து தங்குவதில்லை, மண் புளித்துப்போகும். கேரளத்தின் பெரும்பாலான மண் அமிலத்தன்மை உடையதுதான். கேரள வேளாண் துறையின் உள்ளூர் அலுவலகமான கிருஷிபவனில் மண்மாதிரி கொடுத்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்கு வழியில்லாதபோது பொதுவாகச் சென்ட்டுக்கு 2 முதல் 2.5 கிலோ நீற்றிய சுண்ணாம்பைத் தூவி, கொத்திக் கலந்து, இரண்டு வாரம் கழித்துத்தான் உரம் இட வேண்டும். சுண்ணாம்பையும் சாணத்தையும் ஒரே நாளில் போட்டால் சாணத்தில் உள்ள தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும்.

உரத்துக்கு மட்கிய சாணத்தூளோ கம்போஸ்ட்டோ சதுர மீட்டருக்கு ஒரு கிலோ வீதம் ஆண்டுக்கு இரண்டு முறை போதும். மழை கொட்டும் மாதங்களில் யூரியா இடுவது காசைத் தண்ணீரில் கரைப்பதுதான். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தையும் நினைவில் வையுங்கள். இந்த வட்டாரத்தின் ஒரு பகுதித் தண்ணீர் கல்லாறு வழியாக வாமனபுரம் ஆற்றுக்குப் போகிறது. இன்னொரு பகுதி பேப்பாறை வழியாகக் கரமனை ஆற்றில் இறங்கி, அருவிக்கரையில் சுத்திகரிக்கப்பட்டுத் திருவனந்தபுரம் நகரத்தின் குழாய்களில் வருகிறது.

எந்தப் புல்?

முற்றத்தில் எத்தனை மணி நேரம் நேரடி வெயில் விழுகிறது என்று முதலில் கணக்கிடுங்கள். பலா, மா, ரப்பர் சூழ்ந்த வீடுகளில் நான்கு மணி நேரம் கிடைத்தாலே அதிகம். பதில் அங்கேயே இருக்கிறது.

அருகம்புல்: விளையாட்டு மைதானங்களுக்கு உகந்தது. ஆறு மணி நேரத்துக்கு மேல் முழு வெயில் வேண்டும். நிழலில் நீண்டு வெளுத்து, ஆங்காங்கே சொட்டையாகும். திறந்தவெளி மனை இருந்தால் மட்டும் போடுங்கள். வெயிலும் மிதியும் தாங்குவதில் இதை மிஞ்ச ஆளில்லை.

கம்பளப் புல்: இந்த ஊருக்கு முதல் தேர்வு இதுதான். இதன் குட்டை ரகத்தை நர்சரிகளில் 'பேர்ல் கிராஸ்' என்று விற்கிறார்கள். புளித்த மண், ஈரம், அரை நிழல் மூன்றையும் தாங்கும். குறை ஒன்று உண்டு. நீண்ட வறட்சியைத் தாங்காது.

பஃபலோ கிராஸ்: தடித்த தண்டு, அகன்ற முரட்டு இலை. நிழல் தாங்கும், வேகமாகப் படரும். வெறுங்காலோடு நடக்க அவ்வளவு சுகமாக இருக்காது.

மெக்சிகன், கொரியன் என்ற பெயர்களில் விற்கும் மெல்லிய ஊசிப்புல்: பார்க்க அழகு. நிரம்பப் பல மாதம் பிடிக்கும், அதற்குள் களை முந்திக்கொள்ளும். சின்ன இடத்துக்கும் கல் இடைவெளிக்கும் சரி.

நர்சரிப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். ஒரே பெயரில் இரண்டு கடைகளில் இரண்டு விதமான புல் கிடைக்கும். ஆகவே பெயரை விட்டு இலையைப் பாருங்கள். கம்பளப் புல்லை அடையாளம் காண்பது சுலபம். படரும் தண்டை விரலுக்கிடையில் உருட்டினால் உருளாது, தட்டையாக இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டிருக்கும். இலையின் நுனி கூராக முடியாமல் மழுங்கி வளைந்திருக்கும். பூக்கும்போது மெல்லிய காம்பின் உச்சியில் இரண்டு கதிர்கள் கவட்டை போல் பிரிந்து நிற்கும், பெரும்பாலும் சற்றுக் கீழே மூன்றாவது ஒன்றும் இருக்கும். இந்த அடையாளங்களைத் தெரிந்துகொண்டு ரப்பர் தோட்டத்து நடைபாதை ஓரத்தில் தேடிப் பாருங்கள். காசு கொடுத்து வாங்க நினைத்தது அங்கே மிதிபட்டுக்கொண்டிருக்கும். குட்டை ரகம் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால், அந்தக் கணுக்களையே பெயர்த்து வந்து நடலாம்.

மஞ்சள் பூவோடு தரையில் படரும் வெடேலியா செடியை 'பராமரிப்பே வேண்டாத புல்' என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். வேலி தாண்டி ஓடை வரை போய், அங்கிருக்கும் மற்றச் செடிகளை அமுக்கிவிடும் அந்நியப் படையெடுப்புச் செடி அது. ஒரு துண்டுத் தண்டு போதும், திரும்பவும் தழைக்கும்.

நடவு

சமதரையில், வைகாசியில் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் தறுவாயில் நடலாம். ஜூன் கடைசியில் வரும் திருவாதிரை ஞாற்றுவேலை எனும் நடவுப் பருவத்தில் கம்பை ஒடித்து வைத்தாலும் வேர்விடும் என்பார்கள். புல்லுக்கும் அது பொருந்தும். சரிவான மனைக்கு அந்தக் காலம் ஆகாது. அடைமழை புதுநடவை மண்ணோடு சேர்த்துக் கீழே கொண்டுபோகும். ஆவணி, புரட்டாசியில் நட்டால் மழை தணிந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

நடுவதற்கு முன் கோரைக் கிழங்கு, கல், ரப்பர் வேர் எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். இந்த இடத்தில் ஒரு வாரம் கூடுதலாகச் செலவிட்டால் பின்னால் ஒரு வருட வேலை குறையும். மண்ணைச் சமப்படுத்தி, நனைத்து, இரண்டு வாரம் விடுங்கள். முளைக்கும் களைகளைப் பிடுங்கிவிட்டுப் பிறகு நடுங்கள்.

வாங்கிய புல்தகட்டை அப்படியே விரித்தால் உடனே பச்சையாகும், செலவு கூடும். பொறுமை இருந்தால் தகட்டைப் பிரித்து, இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக்கி, நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளியில் நடுங்கள். ஒரு சதுர மீட்டர் தகடு எட்டுப் பத்து சதுர மீட்டருக்கு வரும். ஒரு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே என்பது கணக்கு. நட்டதும் உள்ளங்கையால் அழுத்திவிடுங்கள். இரண்டு மாதம் யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டால் மூடிவிடும்.

தென்னையின் அடிவரை புல்லைக் கொண்டுபோகாதீர்கள். மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் ஆரத்தில் தடம் திறந்திருக்க வேண்டும். உரமும் தழையும் இடும் இடம் அது. புல் அங்கே தென்னையோடு போட்டி போடும்.

வெட்டு

புல்லைக் கெடுப்பதில் முதலிடம் மொட்டையடிக்கும் பழக்கத்துக்குத்தான். மாதம் ஒருமுறை ஆளைக் கூப்பிட்டு, பிரஷ் கட்டரால் மண் தெரியச் செதுக்கிவிட்டால் சுத்தமாகிவிட்டது என்று தோன்றும். பத்தே நாளில் தொட்டாச்சிணுங்கியும் கோரையும் அந்தச் சொட்டையில் ஏறும். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. கம்பளப் புல்லை ஒன்றரை முதல் இரண்டு அங்குலத்தில் நிறுத்துங்கள். பஃபலோ கிராஸ் மூன்று அங்குலம். அருகு ஓர் அங்குலம் முதல் ஒன்றரை. நிழலில் வளரும் எந்தப் புல்லானாலும் இன்னும் அரை அங்குலம் உயர்த்தி விடுங்கள். வெயில் குறைந்த இடத்தில் இலைதான் அதன் சம்பாத்தியம்.

ஒன்றிரண்டு சென்ட்டுக்குக் கையால் தள்ளும் உருளை மெஷின் போதும். மின்சாரம் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். ஈரப்புல்லில் மட்டும் அது சிக்கும். மழைக்காலத்தில் இரண்டு மழைக்கு நடுவே வெயில் எட்டிப்பார்க்கும் நேரத்துக்குக் காத்திருந்து வெட்டுங்கள். பிரஷ் கட்டர் என்றால் முற்றத்துக்கு நைலான் நூலே போதும், பிளேடு வேண்டாம். வெட்டுபவர் கண்ணாடியும் கம்பூட்டும் இல்லாமல் தொடங்க விடாதீர்கள். பிள்ளைகளும் நாயும் ஐம்பது அடிக்கு அப்பால் இருக்கட்டும். சிறு சரளைக் கல் கூடத் தெறித்தால் ஜன்னலை உடைக்கும்.

வெட்டிய புல் கொஞ்சமாக இருந்தால் அங்கேயே விடுங்கள், மட்கி உரமாகும். மழைக்காலத்தில் கனமாகச் சேர்ந்தால் வாரி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். மருந்து தெளிக்காத புல் என்றால் பக்கத்து வீட்டு ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுக்கலாம், கம்பளப் புல்லை அவை விரும்பித் தின்னும்.

களை

இந்த ஊரின் களைகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் மற்றவை தானாக அடங்கும்.

கோரை: தண்டு முக்கோணமாக இருக்கும், விரலில் உருட்டினால் தெரியும். மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளே தங்கி, ஒன்றுக்கு நான்காக வரும். மழை நின்ற மறுநாள், மண் இளகியிருக்கும்போது, ஒல்லியான கம்பியால் அடியோடு நெம்பி எடுங்கள். கிழங்குகள் ஒன்றோடொன்று நூல்போன்ற வேரால் கோத்திருக்கும். நூலைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும்.

தொட்டாச்சிணுங்கி: பூக்குமுன் எடுத்துவிட வேண்டும். விதை விழுந்தால் பல வருடம் மண்ணில் உயிரோடு கிடக்கும். கையுறை கட்டாயம்.

கம்யூனிஸ்ட் பச்சை: வேலியோரத்திலிருந்து வரும் புதர்ச்செடி. பூத்த பிறகு வெட்டினால் பஞ்சுபோன்ற விதை காற்றில் பரவும். ஐப்பசி, கார்த்திகைக்குள் வெட்டி, வாழைக்கும் தென்னைக்கும் தழையாகப் போட்டுவிடுங்கள்.

களைக்கொல்லியை இந்த அத்தியாயம் பரிந்துரைக்கவில்லை. வயலில் மருந்தடித்த இரண்டு தொழிலாளர்கள் திருவல்லா அருகே இறந்ததைத் தொடர்ந்து, 2019-ல் கேரள அரசு கிளைபோசேட் விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் தடை விதித்தது. வீட்டு முற்றத்துக்கு அது தேவையே இல்லை. கிணறு எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே புரியும்.

ரப்பர் பக்கத்து வீடுகள்

வித்துராவில் பல வீடுகளுக்கு வேலிக்கு அப்பால் ரப்பர் நிற்கிறது. அதனால் வரும் வேலைகள் மூன்று.

மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை உதிரும். புல்லின் மேல் கனமாகப் படிந்தால் வெளிச்சம் இல்லாமல் மஞ்சளாகும். வாரத்துக்கு இரண்டு தடவை ஈர்க்குமாறால் தள்ளிவிடுங்கள். இலையை எரிக்காமல், வீட்டிலிருந்து தள்ளி ஒரு குழியில் போட்டு மண் தூவி மட்க விடுங்கள்.

வீட்டைச் சுற்றி அந்த இலைக்குப்பை தங்கினால் இன்னொரு தொல்லை வரும். காய்ந்த ரப்பர் இலையைத் தின்று பெருகும் முப்ளி வண்டு, கோடைமழையின் முதல் சில தூற்றலோடு தோட்டத்தை விட்டு ஆயிரக்கணக்கில் வீட்டுக்குள் ஏறும். விளக்கு வெளிச்சம் அதை இழுக்கும். ஓட்டுக்கடியிலும் மச்சிலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து மாதக்கணக்கில் கிடக்கும். நசுக்கினால் வரும் திரவம் தோலை எரிக்கும். பங்குனி முடிவதற்குள் வீட்டைச் சுற்றியுள்ள இலையை அப்புறப்படுத்துங்கள். முதல் மழைநாட்களில் அந்தி நேரத்தில் வெளிவிளக்கை அணைத்து வையுங்கள்.

ஆடி, ஆவணியில் ரப்பர்க்காய் வெடித்து விதை தூரத்தெறியும். புல்லுக்குள் விழுந்தது முளைக்கும். இரண்டு இலை விட்ட பருவத்தில் பிடுங்கினால் வேரோடு வரும். ஒரு மாதம் விட்டால் மண்வெட்டி வேண்டும்.

அழையா விருந்தாளிகள்

புல்தரையை ஒரே இரவில் உழுதுபோட்டிருந்தால் அது காட்டுப்பன்றி. மண்புழுவையும் வண்டுப் புழுவையும் தேடி வருகிறது. வேலியின் அடிப்பகுதியை ஒன்றரை அடிக்குத் தகரத்தாலோ கருங்கல்லாலோ அடைப்பது பயன் தரும். மின்கம்பி இழுத்துவிடுவது சட்டவிரோதம். பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். தொல்லை தாங்க முடியாவிட்டால் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுங்கள். பயிரை அழிக்கும் பன்றிமீது நடவடிக்கைக்கு உத்தரவிட உள்ளாட்சித் தலைவர்களுக்கு 2022 முதல் கேரளத்தில் அதிகாரம் உண்டு.

ஆப்பிரிக்க நத்தை கேரளத்தின் பல மாவட்டங்களில் பரவியிருக்கிறது. பகலில் ஈரச்சாக்கின் மேல் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வைத்துவிட்டால் இரவில் அங்கே கூடும். விடிந்ததும் கையுறையோடு பொறுக்கி உப்புக்கரைசலில் போட்டுப் புதைத்துவிடுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழுவை அது சுமக்கக்கூடும்.

நடைபாதையின் இரு பக்கமும் இரண்டடிக்குப் புல்லைக் குட்டையாக வைத்தால் அட்டை குறையும். பாம்பு தெரிந்தால் அடிக்கப் போகாமல், கேரள வனத்துறையின் 'சர்ப்பா' செயலியில் தகவல் கொடுங்கள். பயிற்சி பெற்றவர்கள் வந்து பிடித்துப் போவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

புதரும் உயர்ந்த புல்லும் உள்ள இடத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணியின் குஞ்சு கடித்துச் செள்ளுப்பனி என்ற காய்ச்சல் வருகிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கும். புல்லின் மேல் துணி காயப்போடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு வெந்நீரில் குளித்து, உடுத்த துணியையும் துவைத்துவிடுங்கள். காய்ச்சல் வந்தால், புல்லில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் எளிய மருந்திலேயே குணமாகும்.

சேற்றில் வெறுங்காலோடு இறங்குவது எலிக்காய்ச்சலுக்கு வாசலைத் திறந்துவிடுவது. காலில் புண் இருந்தால் சேற்று வேலை வேண்டவே வேண்டாம். சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், பால்வெட்டு நிறுத்திய ரப்பர் மரத்துச் சிரட்டை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். டெங்குக் கொசு தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும்.

மாதவாரியாக

சித்திரை (மேடம்): கோடைமழைக்கு முன் சுண்ணாம்பு. வடிகால் தூர் வாருதல். மெஷின் பிளேடு சாணை.

வைகாசி (இடவம்): கம்போஸ்ட் இடுதல். சமதரையில் நடவு.

ஆனி, ஆடி (மிதுனம், கர்க்கடகம்): மழை விட்ட இடைவெளியில் மட்டும் வெட்டு. உரம் இல்லை. தேங்கும் இடங்களைக் குறித்து வைத்தல்.

ஆவணி, புரட்டாசி (சிங்கம், கன்னி): சரிவில் நடவு, சொட்டை அடைத்தல், கோரை நெம்புதல். ஓணத்துக்கு ஒரு வாரம் முன்பு வெட்டினால் திருநாளன்று புல் சீராக இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை (துலாம், விருச்சிகம்): இரண்டாம் தவணைக் கம்போஸ்ட். மாலையில் இடியோடு மழை வரும். வெட்டும் வேலையைக் காலையில் முடியுங்கள்.

மார்கழி, தை (தனு, மகரம்): இலை தள்ளுதல். மரக்கிளை கழித்து வெளிச்சம் விடுதல். நான்கு நாளைக்கு ஒருமுறை காலையில் ஆழமாக நீர்.

மாசி, பங்குனி (கும்பம், மீனம்): வெட்டு உயரத்தை அரை அங்குலம் கூட்டுதல். கிணறு குறைந்தால் நீரைப் பாதியாக்கலாம். புல் பழுப்பாகும், சித்திரை மழைக்குக் கணுவிலிருந்து மறுபடி தளிர்க்கும்.

ஒரு பரிந்துரையோடு முடிக்கலாம். பக்கத்தில் பாலோட்டில், 1979-ல் தொடங்கிய ஜவகர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. இதே மண், இதே மழை. அங்கே மரநிழலில் எது தழைக்கிறது, சரிவில் எதை வைத்து மண்ணைப் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். புல்லுக்கோ கல்லுக்கோ பணம் செலவழிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.